வீட்டில் இருக்கிற வெள்ளியெல்லாம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கலைமகள் வீடு எது என்று கேட்டுப்பாருங்கள். "நிலா காசு சேக்குமே, அந்தம்மாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். காசு இல்லை, பதக்கம் என்று அவளும் இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். கேட்கிற ஜனம் கேட்டால்தானே. வெள்ளியாக இருக்கிறது, வட்டமாக இருக்கிறது, காசு இல்லாமல் வேறென்ன என்பது தெருவின் கட்சி.

உண்மையில் அவை எந்தக் கடையிலும் செல்லாத பொருள்கள். மனிதன் நிலாவில் இறங்கியதற்கு, இரண்டு நாட்டு விண்கலங்கள் வானத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டதற்கு, பாவப்பட்ட ஒரு நாயைத் திரும்பி வர வழி வைக்காமல் மேலே அனுப்பியதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் நினைவாக எந்தெந்த நாட்டிலோ அச்சடித்து விற்ற வெள்ளி வட்டங்கள். வசதி உள்ளவர்கள் கண்ணாடி அலமாரியில் வெல்வெட் விரித்து வைக்கிற சமாச்சாரம். கலைமகள் அவற்றை வெண்ணெய் பிஸ்கட் வந்த தகர டப்பாவில் வைத்திருந்தாள். கிழிந்துபோன தன் கல்யாணப் பட்டில் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றியிருந்தாள்.

அவள் படித்த மனுஷி இல்லை, பணக்காரியும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே பஞ்சு மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பகுதிக்கு வேலைக்குப் போனவள். மில் மூடிய பிறகு என்னென்னவோ வேலை செய்து, இப்போது கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றுகிறாள், குளியலறை கழுவுகிறாள். இவளுக்கும் விண்வெளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு அவள் ஸ்கைலாப் கதையைத்தான் சொல்வாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம். அமெரிக்காக்காரன் விட்ட ஸ்கைலாப் என்ற விண்வெளிக்கூடம் உடைந்து நம் தலையில் விழப்போகிறது என்று ஊரே நடுங்கியது. எப்படியும் சாகப்போகிறோம் என்று அவள் அப்பா திருவிழாவுக்கு வளர்த்த சேவலை அன்றைக்கே அறுத்துக் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், சீட்டுப்பணத்தை எடுத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் புதுத்துணி வாங்கினார். கலைமகளுக்கு அப்போது எட்டு வயது. கழுத்து வலிக்க வலிக்கத் தெருவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கைலாப் கடலையும் ஆஸ்திரேலியாவையும் தேடிப்போய் விழுந்தது. ஊர் பிழைத்ததற்கு எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். இவள் ஒருத்திதான் ஏமாந்துபோய் அழுதாள். மேலே மனிதர்கள் கட்டிய வீடு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது என்பதும், அது தன் கண்ணில் படாமலே போய்விட்டது என்பதும் அவளுக்கு ஆறவே இல்லை.

முதல் பதக்கம் வந்தது மகள் கவிநிலாவின் முதல் பிறந்தநாளுக்கு முன்பு. மில்லில் போனஸ் கொடுத்திருந்தார்கள். குழந்தைக்குக் கொலுசு வாங்க கோவிந்தசாமி பத்தர் கடைக்குப் போனாள். பத்தர் வெள்ளிவேலை செய்கிறவர். அதே பேட்டையில் சின்னக் கடை. உருக்குவதற்காகப் பழைய வெள்ளியைப் போட்டுவைத்திருந்த தட்டில், நெளிந்த தண்டைக்கும் உடைந்த குங்குமச்சிமிழுக்கும் நடுவில் அது கிடந்தது.

"இது இன்னா பத்தரே?"

"மெதாய். சொல்தா வூட்லேருந்து வந்துது. உருக்கத்தான் போட்டு வச்சிருக்கேன்."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். அவர்கள் வீட்டுப் பதக்கத்துக்கு மெதாய் என்று பெயர். அந்த மெதாயின் ஒரு பக்கம் ராக்கெட் இருந்தது. மறுபக்கம், பொடிமண்ணில் பதிந்த ஒற்றைக் காலடி. கீழே பிரெஞ்சில் என்னவோ எழுதியிருந்தது. எழுத்து தெரியாவிட்டாலும் காலடி தெரிந்துவிட்டது. கொலுசு வாங்கப் போனவள் எடைக்கு உண்டான விலையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

புருஷன் அம்மாவாசை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்போது வாடகைக்குச் சுமை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நம்ம பாப்பா காலுக்குப் போட வேண்டியத, எவனோ ஒருத்தன் காலுக்குக் குடுத்துட்டு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவாசையைக் கட்டிக்கொண்டு நிலா சேர்க்கிறாள் பார் என்று தெருவில் கேலி செய்தபோதுகூட அவனும் சேர்ந்து சிரித்தான். அப்படி ஒரு புருஷன் வாய்ப்பது லேசில்லை என்று கலைமகளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பின்னால் நடந்தது அவளுக்கு அத்தனை வலித்தது.

அதற்குப் பிறகு சொல்தா வீடுகளிலிருந்து எது வந்தாலும் பத்தர் அவளுக்கென்று எடுத்துவைப்பார். செல்வாம்பாள் என்று ஒரு கிழவி. அவள் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு கயானாவில் இருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ராக்கெட் ஏவுகிற இடம் அங்கேதான் இருக்கிறது. அங்கே சேர்த்ததையெல்லாம் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார். பிள்ளைகள் பாரிஸில். பெட்டியைத் தொட ஆளில்லை. கலைமகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுக்குப் போய் அரிசி புடைத்துக்கொடுத்து, துணி மடித்துக்கொடுத்து, ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினாள். தீபாவளிக்குத் தனக்குப் புடவை வேண்டாம் என்பாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அந்தச் சேர்ப்பு. பிள்ளையின் வயிற்றைக் கட்டவில்லை, தன் வயிற்றைத்தான்.

அவளுடைய முறை ஒன்று உண்டு. பதக்கத்தைத் தேய்க்கக்கூடாது. குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்க்கிற கை அவளுக்கு. ஆனால் பதக்கத்தின் பக்கம் விபூதியோ புளியோ போகாது. கருத்தால் கருக்கட்டும் என்பாள். பௌர்ணமியன்று மொட்டைமாடிக்கு டப்பாவை எடுத்துப்போய் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றிவைப்பாள். கூடவே அம்மாவாசையும் போய் உட்கார்ந்து பீடி பிடிப்பான்.

எல்லாவற்றிலும் அவளுக்கு உசத்தி, ஹெல்மெட் போட்ட ஒரு பெண்ணின் முகம் இருந்த ரஷ்யப் பதக்கம். விண்வெளிக்குப் போன முதல் பெண். கவிநிலா ஒருநாள் போனில் தேடிப் படித்துவிட்டு, "அம்மா, இவங்களும் மில்லு வேலதான் செஞ்சிருக்காங்க, மேல போறதுக்கு முன்னாடி" என்றாள். கலைமகள் நம்பவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். மில் மூடிய அன்று வாசலில் நின்று அழுத பெண்களில் அவளும் ஒருத்தி. அதே வேலை செய்த ஒருத்தி பூமியைச் சுற்றி வந்திருக்கிறாள் என்பதை அவள் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தனக்குள்ளே வைத்துக்கொண்டாள்.

கடைசியாக வந்தது சந்திரயான் பதக்கம். கவிநிலா சென்னையில் வேலைக்குப் போன பிறகு வாங்கி அனுப்பியது. "வெல குடுத்து வாங்காத மொத மெதாய் இதான்" என்று கலைமகள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

போன ஐப்பசியில் கவிநிலா காய்ச்சலோடு ஊருக்கு வந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், ஈறில் ரத்தம் கசிந்தபோது பதறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டெங்கு. ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது, தீவிர சிகிச்சையில் வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பெண் வெளுத்துப்போய்க் கிடந்தாள். மழை வேறு விடாமல் பெய்தது.

கையில் இருந்தது கரைந்தது. கலைமகள் தானாகவே சொன்னாள்: "ஏங்க, டப்பாவுல இருக்குறத வித்துடலாம். வெள்ளி இப்ப நல்ல வெல போவுதாம்."

"அது உன்னுது, அத தொடாத" என்றான் அம்மாவாசை. அவள் கழுத்துச் சங்கிலியும் கவிநிலாவின் தோடும் அடகுக்குப் போயின. அதோடு, தாலியைத் தவிர அந்த வீட்டில் தங்கம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் காலையில் டாக்டர் முகம் சரியில்லை. ரத்தம் ஏற்றவேண்டியிருக்கும், சொந்தக்காரர்கள் இருந்தால் வரச்சொல்லுங்கள் என்றார். சொந்தக்காரர்களை வரச்சொல் என்றால் என்ன அர்த்தம் என்று அம்மாவாசையாகவே ஒன்றை நினைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியை விட்டு இறங்கி, நனைந்துகொண்டே ஆட்டோவை எடுத்து, நேராக வீராம்பட்டினத்துக்கு, அம்மன் கோயிலுக்குப் போனான். அவன் அம்மா பிறந்த ஊர் அது. ஆடித் தேருக்கு வருஷம் தவறாமல் வடம் பிடிக்கிறவன். அம்மன் முன்னால் ஈரத்தோடு விழுந்து, வாய்விட்டுச் சொன்னான்.

"எம் புள்ளைய குடுத்துடு தாயே. வூட்ல இருக்குற வெள்ளியெல்லாம் கொண்டாந்து உங்கிட்டயே குடுத்துடறேன்."

தங்கம் இல்லாததால் வெள்ளி என்றான். அவன் மனதில் இருந்தது ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, சந்தனக் கிண்ணம், குங்குமச்சிமிழ், அவன் இடுப்பில் கிடந்த அரைஞாண். அலமாரியின் மேல்தட்டில் இருந்த டப்பா நினைவிலேயே வரவில்லை. அவனைப் பொறுத்தவரை அது வெள்ளியே இல்லை. அது கலையோட மெதாய்.

அன்று சாயங்காலமே தட்டணு ஏறத் தொடங்கியது. அந்த வாரக் கடைசியில் கவிநிலா எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னாள். அதைக் கேட்டு அம்மாவாசை வராந்தாவில் போய் அழுதான். கார்த்திகை பிறந்ததும் அவள் சென்னைக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம் கலைமகள் வேலைவிட்டு வந்தபோது, அவன் செய்தித்தாள் விரித்து அதன்மேல் குத்துவிளக்கையும் கிண்ணத்தையும் சிமிழையும் அடுக்கியிருந்தான். பக்கத்தில் அவனுடைய அரைஞாண். ஆண்பிள்ளை இடுப்பிலிருந்து அதை உயிரோடு இருக்கும்போது கழற்றமாட்டார்கள். அவன் கழற்றிவிட்டு, பதிலுக்குக் கறுப்புக் கயிறு கட்டியிருந்தான். வேண்டுதல் விஷயத்தை அப்போதுதான் சொன்னான். பெற்ற மனம், வேண்டிக்கொண்டான், கொடுக்கட்டும். கலைமகள் காப்பி போட எழுந்தாள்.

"கலை."

"ம்."

"டப்பாவுல இருக்குதே, அதுவும் வெள்ளிதானே?"

விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

"நான் அத நெனச்சு வேண்டிக்கல. சத்தியமா நெனப்புலயே வரல. இப்ப இத அடுக்கும்போதுதான் ஒறச்சுது."

"நீங்க நெனச்சது இன்னான்னு அம்மனுக்குத் தெரியாதா?"

"நெனச்சதும் தெரியும், சொன்னதும் தெரியும். எல்லாம்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன் கலை."

"வூட்ல இருக்குறதெல்லாம் உங்களுதா? என் பொருள வேண்டிக்க நீங்க யாரு?"

"நீ சொல்றது நாயந்தான்" என்றான் அம்மாவாசை.

அங்கேதான் அவள் தோற்றாள். சண்டை போட்டிருந்தால் ஒரு கை பார்த்திருப்பாள். வாயில் கலைமகளை ஜெயித்தவர்கள் பேட்டையில் கிடையாது. இந்த மனிதன் நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மூலையில் வைத்துவிட்டு, கோயிலுக்கும் போகாமல், அதைப்பற்றி மறுபடி பேசாமலும் இருந்தான். சோறு போட்டால் பாதி தின்றான். போன் அடித்தால் முதலில் எழுந்து ஓடினான். கவிநிலாதானா, நல்லாத்தான் இருக்கிறாளா என்று தெரிந்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வரும்.

கலைமகளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. கொசு கடித்து வந்த காய்ச்சல், மருந்து ஏற்றிப் போன காய்ச்சல். டாக்டர் ராப்பகலாக நின்று காப்பாற்றினார். இதில் அம்மனுக்கும் வெள்ளிக்கும் எங்கே கணக்கு? அவள் சாமி இல்லை என்கிறவள் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள்தான். ஆனால் சாமி பண்டம் மாற்றுகிறது என்று அவள் நம்பவில்லை. இதையெல்லாம் மகளிடம் போனில் கொட்டினாள். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தபடியே பேசினாள். அம்மாவாசை வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் விழட்டும் என்றுதான் ஸ்பீக்கர்.

"அப்பாவுக்கு இன்னா பைத்தியமாம்மா? அதுல ஒண்ணுகூட குடுக்காத. நான் வாங்கிக்குடுத்ததும் இருக்குது அதுல" என்றாள் கவிநிலா. பிறகு இருமினாள். நின்றது, மறுபடி இருமினாள். "ஒண்ணுமில்லம்மா, நேத்துலேருந்து லேசா காய்ச்சல். ஆபீஸ்ல எல்லாருக்கும் இருக்குது."

வாசற்படியில் இருந்த அம்மாவாசை எழுந்தான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தான்.

காய்ச்சல் ஒரே நாளில் விட்டுவிட்டது. வெறும் சளிக்காய்ச்சல். ஆனால் அந்த ஒரு நாளில் அவன் இருந்த இருப்பு கலைமகளை உலுக்கிவிட்டது. அவன் திட்டியிருந்தால், உன்னாலதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவளும் பதிலுக்குச் சொல்லியிருப்பாள். அவன் சொல்லவே இல்லை. சொல்லாமலே இந்த மனிதன் செத்துப்போய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆத்திரமும் ஆற்றாமையுமாக டப்பாவை எடுத்து அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"பத்தர் கடைக்கு வாங்க. உருக்கி ஒரு தட்டா செஞ்சு குடுத்துடலாம். உங்க மனசு ஆறட்டும்."

அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. அடிபட்டவன் மாதிரி நின்றான். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் வேண்டாம் என்று சொல்வான் என்று ஓர் ஓரத்தில் அவள் எதிர்பார்த்திருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும்.

கோவிந்தசாமி பத்தருக்கு விஷயத்தைக் கேட்டதும் முகம் விழுந்துவிட்டது. பாதிப் பதக்கம் அவர் கையால் எடுத்துக்கொடுத்தது. "உருவத்தோடயே குடுத்தா இன்னாம்மா? கோயில்ல வச்சுக்க மாட்டாங்களா?" என்றார்.

"ராக்கெட்டும் நாயும் போட்டத அம்மன் முன்னால எப்பிடி வைக்கிறது பத்தரே" என்றான் அம்மாவாசை மெதுவாக.

முதலில் பையில் இருந்தது தராசில் ஏறியது. பிறகு கலைமகள் பட்டுத்துணிகளைப் பிரிக்கத் தொடங்கினாள். காலடி போட்டது. கோத்துக்கொண்ட இரண்டு விண்கலங்கள். நாய். கயானாவிலிருந்து கிளம்பிய ராக்கெட்டுகள். ஆரியபட்டா செயற்கைக்கோள். துணியைப் பிரிப்பது, மடிப்பது, மடியில் வைத்துக்கொள்வது, பதக்கத்தைத் தராசில் வைப்பது. பிறகு கவிநிலா வாங்கிக்கொடுத்தது. கடைசியாக ஹெல்மெட் போட்ட மில்காரி. அவளைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவளையும் வைத்தாள்.

அம்மாவாசை குவியலைப் பார்த்தான். அவன் கேட்டது குத்திக்காட்ட அல்ல. பயந்தவன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்ப்பானே, அப்படித்தான் கேட்டான்.

"எல்லாம் வந்துடுச்சா, கலை?"

கலைமகளுக்கு உடம்பு எரிந்தது. உள்ளதையெல்லாம் வழித்துக் கொட்டியாயிற்று, இன்னும் எல்லாம் வந்துவிட்டதா என்று ஒரு கேள்வி. கோபம் வந்தால் அவளுக்கு நீங்க என்பது நீ ஆகிவிடும்.

"இல்ல, இன்னும் இருக்குது. நீ பாக்கல" என்றாள்.

கடை முக்காலியில் உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தை ஒதுக்கி, காலைத் தூக்கி முழங்கால்மேல் போட்டுக்கொண்டு மெட்டியைப் பிடித்து இழுத்தாள். கல்யாணத்தன்று அம்மிமேல் கால் வைத்து அவன் போட்டுவிட்ட மெட்டி. விரல் தடித்துப்போய் அது உள்ளே அமுங்கியிருந்தது. திருகித் திருகி இழுத்ததில் தோல் உரிந்தது. பத்தர் பதறி எழுந்தார்.

"அம்மா, இன்னா காரியம் பண்றீங்க. அதெல்லாம் கணக்குல வராது. புருஷன் இருக்கும்போது அதப்போயி கழட்டுவாங்களா?"

"இதுவும் வெள்ளிதான் பத்தரே. இதுவும் எங்க வூட்லதான் இருக்குது. எல்லாம்னு சொல்லியிருக்காரே."

இரண்டு கால் மெட்டியையும் தராசில், மில்காரியின் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு அம்மாவாசையை நிமிர்ந்து பார்த்தாள். இப்போது என்ன செய்வாய் என்பதுதான் அந்தப் பார்வை. மெட்டியை எடு என்று அவன் சொல்லவேண்டும். 'எல்லாம்' என்பதில் மெட்டி சேராது என்றால் மெதாயும் சேராது. அவன் வாயாலேயே அவன் வேண்டுதலை உடைத்துவிட்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இவ்வளவும் அவள் அந்த ஒரு நொடியில் போட்ட கணக்கு. கெட்டிக்காரத்தனமான கணக்குதான்.

அம்மாவாசை தராசைப் பார்த்தான். அவள் வெறுங்காலைப் பார்த்தான். கட்டினவள் காலில் மெட்டி இல்லாமல் பார்ப்பது என்றால், அது அவன் போன பிறகு மற்றவர்கள் பார்க்கவேண்டிய காட்சி. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"பத்தரே, அதையும் சேத்தே உருக்குங்க."

"அம்மாவாசை" என்றார் பத்தர்.

"நான் போனா போறேன். புள்ள இருக்கட்டும்."

இதைச் சொல்லும்போது அவன் கலைமகளைப் பார்க்கவில்லை. சபதம்போலவும் சொல்லவில்லை. வேறு வழி இல்லாதவன் சொல்கிற குரல். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை நாளும் இவன் தன் பொருளைப் பிடுங்கிக் கொடுக்கப் பார்க்கிறான் என்று அவள் மனம் குமைந்துகொண்டிருந்தது. இவனோ தன் உயிரையே அந்தத் தராசில் வைத்துவிட்டு நிற்கிறான். அதை அவள் கையாலேயே எடுத்து வைக்கவும் செய்தாயிற்று. வாயும் கெட்டிக்காரத்தனமும் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. ஒரே எட்டில் போய்த் தராசிலிருந்து மெட்டிகளை அள்ளிக்கொண்டாள்.

"வையி கலை. எல்லாம்னு சொல்லிட்டேன்."

"வைக்கமாட்டேன்."

"கலை, சொல்றதக் கேளு."

"சொன்னது நீ. இது குடுக்கறதில்லன்னு சொல்றது நான். அந்தம்மா வந்து கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்." குவிந்துகிடந்த பதக்கங்களைக் கையால் காட்டினாள். "இதுக்குப் பதிலா அதெல்லாம் அவளே வச்சுக்கட்டும். அது என்னுது. நான் குடுக்கறேன். பத்தரே, நீங்க அடுப்பப் பத்த வைங்க."

பத்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெள்ளி உருக்குகிற மூசையை அடுப்பில் ஏற்றி, தராசில் இருந்ததை அதில் கொட்டினார். அம்மாவாசை கீழே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்தான். உரிந்த தோலில் மெட்டி ஏறவில்லை. எண்ணெய் தொட்டுத் தொட்டு அவன் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவன் தலைக்கு மேலாக அவள் மூசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மில்காரியின் முகம் முதலில் பளபளத்தது. பிறகு மூக்கு போனது, ஹெல்மெட் போனது. அழவேண்டும் என்று தோன்றவில்லை. எரிச்சலாகக்கூட இல்லை. மெட்டிக்குப் பதிலாக இது போதுமா என்ற ஒரு கேள்விதான் இருந்தது.

தை மாதம் தட்டு அம்மனிடம் போய்ச் சேர்ந்தது. அம்மாவாசை இப்போது வயிறாரச் சாப்பிடுகிறான். நன்றாகத் தூங்குகிறான். தான் சொன்னதைத் தன்னால் ஆனமட்டும் கொடுத்துவிட்டோம், மிச்சத்துக்குப் பெண்டாட்டி பொறுப்பு ஏற்றுக்கொண்டாள் என்று அவனுக்கு ஒரு நிம்மதி. போன் அடித்தால் அவன் எழுந்திருப்பதுகூட இல்லை.

போன வாரம் கவிநிலா கூப்பிட்டாள். ஆபீசில் நடந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் இரண்டு தடவை தும்மினாள். கொசுவால் வருவது காய்ச்சல், தூசியால் வருவது தும்மல் என்று எல்லோருக்கும் எடுத்துச் சொல்கிற கலைமகள், பிடித்துவைத்ததுபோல நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, சத்தத்தையே காணோம்?" என்றது போன்.

கலைமகள் குனிந்து, கொடுக்காமல் வைத்துக்கொண்ட மெட்டிகளைத் தன் கால் விரல்களில் பார்த்தாள். வாசலில் அம்மாவாசை யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். புருஷன் சிரிப்பது ஒரு காதில் விழ, மகள் தும்முவது மறு காதில் விழ, அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். "துணி காயப்போட்டது நெனப்பு வந்துது."